பட்டியலில் அம்மா இல்லை

அத்தியாயம் 17

சூட்கேஸ் மூட மாட்டேன் என்று அடம்பிடித்ததும், அம்மா அதன்மேல் ஏறி உட்கார்ந்ததும், இளைய மகள் வாலு மண்டியிட்டு ஜிப்பை இழுத்ததும், சிரித்துச் சிரித்து, மூத்த மகள் பெரியவளையும் சேர்த்து, மூன்று பேரும் தரையில் சாய்ந்ததும் நேற்று மாலையோடு முடிந்துபோயின. இப்போது காலை ஏழே முக்கால். அதே சூட்கேஸ் விமான நிலையத்தில் ஐந்தாம் எண் கவுன்டரின் தராசில் நின்றது. அதன் கைப்பிடியை அம்மா இன்னும் விடவில்லை.

நாளைக் காலை பத்து மணிக்கு, தீவில் இருக்கும் மகனுக்குப் பதிவுத் திருமணம். அந்தத் தீவுக்கு வாரத்தில் இரண்டே விமானங்கள். இதை விட்டால் அடுத்தது நான்கு நாள் கழித்து. கப்பலில் போனால் இரண்டு பகல், இரண்டு இரவு. ஒரே மகன் கையெழுத்துப் போடுவதை அம்மா கண்ணால் பார்க்க வேண்டுமானால் இந்த விமானத்தில்தான் ஏற வேண்டும்.

இருபத்தாறு வருடம் மருத்துவமனை வார்டில் உதவியாளராக நின்று ஓய்வு பெற்றவள் அவள். எத்தனையோ பேரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். தன்னை யாராவது எங்காவது கூட்டிப்போவது இதுதான் முதல் தடவை.

"ஜன்னல் சீட்டு வேணுமாம்மா, நடை பக்கமா?" என்று கேட்டான் கவுன்டரில் இருந்தவன். தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் எல்லாருக்கும் அவன் கண்ணாடி.

"இறங்கற கதவுக்குப் பக்கத்துல குடுப்பா. நான் மெதுவாத்தான் நடப்பேன்."

"கதவு பக்கத்துல விமானி உக்காந்திருப்பாரே."

"அவர கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லு."

நான்காம் எண் கவுன்டரில் நின்ற பெரியவள் தன் பயணியின் பையில் அட்டை கட்டிக்கொண்டே இதைக் கேட்டுச் சிரித்தாள். சொந்தக்காரர்களுக்குத் தானே இருக்கை போடக் கூடாது என்பது அங்கே விதி. அதனால்தான் அம்மா பக்கத்து வரிசையில். விதி என்றால் பெரியவளுக்கு விதிதான். வீட்டில் அண்ணனும் தங்கையும் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் டீச்சர்.

ஒன்பது வருடமாக அவள் செய்வது ஒரே வேலை. அடையாள அட்டையில் இருக்கும் முகமும் எதிரே நிற்கும் முகமும் ஒன்றா, அட்டையில் இருக்கும் பெயரும் திரையில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பார்ப்பது. மணமான பிறகு மாறிய பெயரோடு வந்து பழைய பெயர் டிக்கெட்டை நீட்டியவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அண்ணன் டிக்கெட்டில் பறக்க வந்த தம்பியைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். சிலர் அழுதிருக்கிறார்கள். சில நாள் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அந்த முகங்கள் எல்லாம் ஜன்னலுக்கு வெளியே மீன்கள் போல நீந்தி வரும். இருந்தாலும் மறுநாள் அவள் அதையேதான் செய்வாள்.

கண்ணாடியின் விரல்கள் நின்றன. "அம்மா, அட்டைய இன்னொரு தடவ குடுங்க."

இரண்டாவது தடவையும் எண்ணைத் தட்டினான். பிறகு தலையைத் தூக்காமல், "இங்க கொஞ்சம் வாயேன்," என்றான்.

பெரியவள் தன் கவுன்டரில் 'அடுத்த வரிசைக்குச் செல்லவும்' பலகையை வைத்துவிட்டு வந்தாள். ஏதோ எழுத்து விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தாள். உடனே, விட்டுப்போக வாய்ப்பில்லையே என்றும் நினைத்தாள். அம்மாவின் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டியவள் அவளே.

திரையில் அம்மாவின் பெயர் தப்பாக இல்லை. அம்மாவின் பெயரே இல்லை. அந்த இடத்தில் வாலுவின் பெயர், வாலுவின் அட்டை எண், வாலுவின் பிறந்த தேதி. அதற்கு எதிரே பச்சையில், 'இருக்கை வழங்கப்பட்டது, 7.10, தானியங்கி இயந்திரம் எண் 2.'

"உன் தங்கச்சிதானே?" என்றான் கண்ணாடி.

பெரியவள் திரைப் பக்கம் குனிந்தாள். கீழே இருந்த வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தாள். ஊழியர் ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு ஒரு தடவை, ஒரே ஓர் உறவினருக்குக் குடும்ப டிக்கெட் உண்டு. அந்த உறவினரை மாற்ற வேண்டுமென்றால் ஊழியரே தன் குறியீட்டில் உள்ளே போய் மாற்றலாம், முந்தைய நாள் வரை. யார், என்றைக்கு, எத்தனை மணிக்கு மாற்றினார்கள் என்பது ஒரு வரி விடாமல் அங்கே இருக்கும்.

எட்டு நாள் முன்பு. செவ்வாய்க்கிழமை, காலை 11.40. மாற்றியவர் என்ற இடத்தில் அவளுடைய சொந்தக் குறியீடு.

"நீதான் மாத்தியிருக்க," என்றான் அவன் குரலை இறக்கி.

"நான் மாத்தல."

"கோடு நம்பர் உன்னோடது."

"தெரியுது."

செவ்வாய்க்கிழமை காலை அவள் காய்ச்சலில் கிடந்தாள். சுவர்கள் மெத்தென்று உள்ளே வந்து வந்து போன காய்ச்சல். வாலு கட்டில் ஓரத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, "லீவு போடலன்னா ஆப்சென்ட் ஆயிடும்னு ஏன் புலம்பற? பாஸ்வேர்ட சொல்லு, நானே போட்டு விடறேன்," என்றாள். நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டாள். பெரியவள் சொன்னாள். வேலைக்குப் புதிதாகச் சேருபவர்களிடம், உங்களைப் பெற்றவர்கள் கேட்டாலும் சொல்லாதீர்கள் என்று முதல் நாளே பாடம் எடுக்கும் அவள், கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். போன வருடம் இரண்டாம் கவுன்டரில் இருந்தவர் இதே காரணத்துக்காகத்தான் ஒரே நாளில் வேலையிழந்து வீட்டுக்குப் போனார்.

"என்ன கண்ணு, போட்டோல நான் நல்லா இல்லையா?" என்றாள் அம்மா.

"அதெல்லாம் இல்லம்மா. பேர்ல ஒரு சின்னக் குழப்பம். நீ அந்த நாற்காலில உக்காரு, நான் பாத்துட்டு வரேன்."

சுவர்க் கடிகாரத்தில் ஏழு ஐம்பத்தொன்று. எட்டரைக்குக் கவுன்டர் மூடும்.

பெரியவள் கூப்பிடக் கூப்பிட வாலுவின் போன் எடுப்பாரில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் இன்று சரக்கு சரிபார்ப்பு என்று சொல்லி ஆறு மணிக்கே கிளம்பியிருந்தாள். வாசலில் அம்மாவைக் கட்டிக்கொண்டு, "போய் எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு, தலைய விட்டுட்டு எடுக்காத," என்று கிண்டல் வேறு.

*

தீவு விமானம் கிளம்பும் ஆறாம் வாயிலுக்கு ஊழியர் வழியில் போக நான்கு நிமிடம். பெரியவள் மூன்றில் போனாள்.

கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் வாலு உட்கார்ந்திருந்தாள். பெரியவளின் நீலக் கோட்டைப் போட்டிருந்தாள். வெளியே நின்ற விமானத்தை, சின்ன வயதில் பொம்மைக் கடை வாசலில் நின்ற அதே பார்வையில் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவைக் கண்டதும் எழுந்திருக்கக்கூட இல்லை. கையிலிருந்த போர்டிங் கார்டை மட்டும் தொடைக்குக் கீழே தள்ளினாள்.

"உள்ள குளிரும்னு நீதான் சொல்லியிருக்க. அதான் கோட்டு," என்றாள்.

"கோட்டப் பத்தியா கேட்டேன்?"

"அக்கா, இங்க வேணாம். எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். அம்மா அங்க அட்டைய கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. நீ நேத்து அந்தப் பெட்டிய உன் கையால அடுக்கின. அடுக்கும்போது என்ன நெனச்ச?"

வாலு நகத்தைப் பார்த்தாள். "அண்ணன்தான் சொன்னான்."

பெரியவளுக்குச் சட்டென்று புரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போனில் பேசியது ஞாபகம் வந்தது. டீச்சர், அம்மாவ பத்திரமா ஏத்தி விடு, இறங்கினதும் நான் பாத்துக்கறேன் என்று அரைமணி நேரம் பேசினானே.

"என்ன சொன்னான்?"

"அம்மா வந்தா அவன் பதிவு ஆபீசுக்கே வரமாட்டானாம்." வாலு வேகமாகப் பேசினாள், எழுதி வைத்துப் படிப்பது போல. "உனக்குத் தெரியாது. அம்மா போன மாசம் அண்ணிகிட்ட போன்ல பேசுச்சு. அண்ணனுக்கு வலிப்பு உண்டு, மாத்திரை ஒரு வேளகூட விடக் கூடாது, வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வை, வாயில எதையும் திணிக்காதன்னு எல்லாத்தையும் சொல்லிருச்சு. அவன் அண்ணிகிட்ட அத சொல்லவே இல்லக்கா. அண்ணியோட அப்பா அவன கூப்பிட்டு வெச்சு ஒரு மணி நேரம் கேள்வி கேட்டாராம். அவமானமாப் போச்சுங்கறான். கல்யாணம் நிக்கல. ஆனா அம்மா மூஞ்சிய அங்க பாக்க முடியாதுங்கறான்."

"அத அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே. வராதன்னு சொல்லியிருக்கலாமே."

"பெத்தவள வராதன்னு எப்படிச் சொல்றதுன்னான். பேர்ல குழப்பம்னு கவுன்டர்ல நிறுத்திட்டா, ஆபீஸ் தப்பு, மெஷின் தப்புன்னு அம்மா நெனச்சுக்கும். யார் மனசும் நோகாதுன்னான்."

"ஆபீஸ்னா யாரு? நான்."

"உன்மேல அம்மாவுக்குக் கோவம் வந்தா ரெண்டு நாள் இருக்குமா? நம்ம பக்கம் யாராவது ஒருத்தர் போய் நிக்கணும்ல. அதான் நான்."

பெரியவளின் மூக்கு விடைத்தது. பேர்ல ஒரு சின்னக் குழப்பம் என்று பத்து நிமிடத்துக்கு முன் அம்மாவிடம் சொன்னவள் அவளேதான். தீவில் உட்கார்ந்துகொண்டு அண்ணன் எழுதிக் கொடுத்த வசனத்தை, கேட்காமலேயே, ஒரு சொல் பிசகாமல் அவள் பேசி முடித்திருக்கிறாள்.

"எழுந்திரு," என்றாள். "இத நான் மேலே சொல்லப்போறேன்."

"சொல்ல மாட்ட."

"ஏன்?"

வாலு இப்போதுதான் நிமிர்ந்தாள். கண்ணில் நீர் இருந்தது. ஆனாலும் சொன்னாள். "சொன்னா உன் வேலை போயிடும். பாஸ்வேர்ட நீதானே குடுத்த. அதனால டீச்சர் வாயே தொறக்க மாட்டான்னு அண்ணன் சொன்னான்."

ஆக, அதையும் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். அவளுடைய காய்ச்சலை, அவளுடைய விதியை, விதிக்கு அவள் பயப்படுவதை. கூடப் பிறந்த இரண்டு பேர் அவளை இவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்பது ஒரு விநாடி அவளுக்கு வியப்பாகக்கூட இருந்தது.

திரும்பி நடந்தாள். வழியின் பாதியில், பின்னால் செருப்புகள் தரையில் அடித்துக்கொண்டு ஓடிவரும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

*

மணி எட்டு ஏழு. சூட்கேஸைத் தராசிலிருந்து இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். பெரியவளைப் பார்த்தாள். பின்னால் வந்த நீலக் கோட்டைப் பார்த்தாள். வாலுவின் கையிலிருந்த போர்டிங் கார்டைப் பார்த்தாள். பிறகு கொஞ்ச நேரம் எதையுமே பார்க்கவில்லை. வார்டில் நோயாளியின் முகத்தைப் பார்த்தே ராத்திரி எப்படிப் போகும் என்று சொல்லிவிடுகிறவள் அவள்.

"மருந்துக் கடை இங்கதான் இருக்கா?" என்று வாலுவிடம் கேட்டாள்.

வாலு போர்டிங் கார்டைக் கோட்டுப் பைக்குள் செருகினாள்.

"அம்மா," என்றாள் பெரியவள். ஆபீஸ் குழப்பம் என்ற பொய் இன்னும் நாக்கு நுனியில்தான் இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் வேலை இருக்கும், மூன்று பேரும் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம். "பேர்ல குழப்பம் இல்ல. உன் பேர எடுத்துட்டு இவ பேரப் போட்டிருக்காங்க. அண்ணன் சொல்லி இவ செஞ்சிருக்கா."

"அந்தப் பொண்ணுகிட்ட நான் பேசினதுக்கா?"

"ஆமா."

அம்மா முந்தானையை இழுத்து மடியில் வைத்து மடித்தாள், ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. "கூடப் படுத்து எழுந்திருக்கப் போறவ. ஒரு நாள் ராத்திரி திடுதிப்புனு அத பாத்தா பயந்து வெளிய ஓடிருவா. அவன் தனியா கெடப்பான். அதுக்காகத்தான் சொன்னேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "வராதேன்னு என்கிட்ட சொல்ல அவனுக்கு வாய் வரலையாமா?"

ஒலிபெருக்கி யாரையோ கூப்பிட்டது.

"இப்ப என் பேர மறுபடி போட முடியுமா?"

"முடியும்மா."

"உனக்கு எதுவும் வந்துராதே?"

"வராதும்மா," என்றாள் பெரியவள்.

"அப்ப போடு. நான் போறேன். வேணாங்கறத என் மூஞ்சியப் பாத்து அவன் சொல்லட்டும்."

*

ஷிப்ட் பொறுப்பாளரை ஊழியர்கள் ஸ்டாப்வாட்ச் என்றுதான் சொல்வார்கள், அவருக்குக் கேட்காதபோது. எதைச் சொன்னாலும் முதலில் மணிக்கட்டைப் பார்ப்பார். இப்போதும் பார்த்தார். எட்டுப் பன்னிரண்டு.

பெரியவள் நடந்ததை ஐந்து வாக்கியத்தில் சொன்னாள்.

ஸ்டாப்வாட்ச் கதவைச் சாத்தினார். "உக்காரு. நீ சொன்னது என் காதுல விழல. நல்லாக் கேட்டுக்க. நீயே மாத்தினதுன்னா அது முறையான மாத்தம். இன்னைக்கு அத நான் தொட முடியாது, உன் தங்கச்சி போவா, அம்மா வீட்டுக்குப் போவாங்க. உனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. நீ மாத்தலன்னாத்தான் நான் அவள இறக்கி அம்மா பேரப் போட முடியும். ஆனா அதுக்கு, மாத்தினது யாரு, பாஸ்வேர்ட் எப்படி அவங்க கைக்குப் போச்சுன்னு நீ எழுதித் தரணும். எழுதினது எழுதினதுதான். அப்புறம் நானே நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

"புரியுது மேடம்."

"ஒம்போது வருஷம்."

"ஆமா மேடம்."

"ஒரு கல்யாணத்துக்கா?"

பெரியவள் யோசித்தாள். கல்யாணத்துக்கு இல்லை என்று தோன்றியது. நாளைக்கு அங்கே அம்மாவை வாசலிலேயே நிறுத்தி அண்ணன் கத்தலாம். அம்மா அடுத்த விமானத்திலேயே அழுதுகொண்டு திரும்பலாம். அதெல்லாம் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில். ஆனால் தன்னுடைய கவுன்டரை, தன்னுடைய குறியீட்டை, தன்னுடைய வாயையே எடுத்து அம்மாவின் முகத்தில் சாத்தும் கதவாக ஆக்கியிருக்கிறார்களே, அதோடு எப்படி நாளைக்கு அங்கே போய் நின்று அடுத்தவர் அட்டையைக் கேட்பது?

"பேப்பர் குடுங்க மேடம்," என்றாள்.

எழுதுவதற்கு நான்கு வரிதான் ஆனது. காய்ச்சலில் இருந்தேன் என்று எழுதிவிட்டு, அதை அடித்தாள். கொடுத்தேன் என்பது மட்டும் போதும். ஸ்டாப்வாட்ச் அதை வாங்கிப் படிக்காமலேயே மேசை இழுப்பறையில் வைத்தார். பிறகு தன் கணினிப் பக்கம் திரும்பினார். அவர் தட்டிய வேகத்தில், இருபத்து மூன்றாம் எண் இருக்கையிலிருந்து ஒரு பெயர் மறைந்து இன்னொரு பெயர் வந்து உட்கார்ந்தது.

"அடையாள அட்டைய கழட்டி வெச்சுட்டுப் போ," என்றார், இன்னும் திரையைப் பார்த்தபடியே. "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு விசாரணை." பெரியவள் கதவருகே போனபோது சேர்த்துச் சொன்னார், "அம்மாவ நானே வாயில் வரைக்கும் கூட்டிட்டுப் போறேன். நீ இப்ப அந்தப் பக்கம் போக முடியாது."

*

எட்டு இருபத்தாறுக்குச் சூட்கேஸ் உள்ளே போனது, அம்மாவின் கையில் போர்டிங் கார்டு வந்தது. அம்மா அதில் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். பெரியவளின் வெறுங்கழுத்தையும் பார்த்தாள். எதுவோ கேட்க வாயெடுத்தாள்.

"நேரமாச்சும்மா, கிளம்பு," என்றாள் பெரியவள்.

"நான் வர்றத அவன்கிட்ட யாரும் சொல்ல வேணாம்," என்றாள் அம்மா. "சொன்னா எங்கயாவது போய் ஒளிஞ்சுக்குவான். சின்ன வயசுலேயே அப்படித்தான்." பிறகு வாலுவின் பக்கம் திரும்பினாள். அடிப்பாளோ என்று வாலு தோளைக் குறுக்கினாள். அம்மா அடிக்கவில்லை, தொடவும் இல்லை. "அக்கா கோட்ட கழட்டிக் குடு," என்று மட்டும் சொன்னாள்.

ஸ்டாப்வாட்சின் பக்கத்தில் சிறிய அடிகளாக எடுத்து வைத்து அம்மா போனாள். சோதனைப் பகுதியின் திரை விலகியது, மூடியது.

வெளியே பஸ் நிறுத்தத்தில் வெயில் ஏறியிருந்தது. இரண்டு பேரும் ஒரே பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். நடுவில் நீலக் கோட்டு.

தலைக்கு மேலே விமானம் எழுந்து போன சத்தம் அடங்கியபோது வாலுவின் போனில் செய்தி வந்தது. அவள் படித்தாள். மறைக்கப் பார்த்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, போனை அப்படியே கோட்டின்மேல் வைத்து அக்காவின் பக்கம் தள்ளினாள்.

அண்ணன் எழுதியிருந்தான்: 'ஏறிட்டியா? அம்மா ரொம்ப அழுதுச்சா? டீச்சருக்கு ஏதாவது சந்தேகம் வந்துச்சா?'

பெரியவள் இரண்டு தடவை படித்தாள். அம்மா அழவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அழுதது தான்தான் என்று கன்னத்தைத் தொட்டதும் தெரிந்தது.

"என்னக்கா போடட்டும்?" என்றாள் வாலு. குரல் கம்மியிருந்தது.

"அவன் சொன்னப்ப எங்கிட்ட கேட்டுட்டா செஞ்ச? இப்பவும் நீயே முடிவு பண்ணு."

"அவன்கிட்ட பொய் சொல்லச் சொல்றியா?"

"நான் எதுவும் சொல்லல. உனக்கு அம்மா சொன்னது தெரியும், அவன் கேக்கறது தெரியும்."

பெரியவள் கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பஸ் வர நேரமிருந்தது. ஆனால் அந்த பெஞ்சில் இன்னொரு நிமிடம் உட்கார முடியவில்லை. அடுத்த நிறுத்தத்துக்கு நடக்கத் தொடங்கினாள். இருபது அடி போயிருப்பாள். பின்னால் போன் ஒலித்தது. இந்தத் தடவை செய்தி இல்லை, அழைப்பு.

ஓர் ஒலி. இரண்டாவது. மூன்றாவதில் வாலு எடுத்துவிட்டாள்.

"சொல்லுண்ணா," என்றாள்.

கேட்கக் கூடாது என்றுதான் பெரியவள் நினைத்தாள். ஆனால் கால் நின்றுவிட்டது.